குக்கருக்குள் பூட்டிய ஐரோப்பா

பிரஷர் குக்கருக்குள் போன் அடித்தால் எப்படிச் சத்தம் வரும் என்று தெரிந்தவர்கள் கொழும்பில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். கிணற்றில் விழுந்த தவளை உதவி கேட்பதுபோல் இருக்கும். குக்கரும் மேசையில் மெல்ல நகர்ந்து ஓர் அரைவட்டம் போடும். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் ஃபிளாட். வருஷத்தில், மே மாதத்து ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குக்கரில் பருப்பு அவிவதில்லை. வீட்டிலுள்ள அத்தனை போன்களும் அதற்குள் போகும். மூடியைத் திருகிப் பூட்டுவது என் மனைவியின் தாய், என் மாமி. விசிலையும் மறக்காமல் மாட்டிவிட்டு, "ஆவி போனாலும் செய்தி போகக் கூடாது" என்பார்.

செய்தி என்றால் ஒரு பாட்டுப் போட்டியின் முடிவு. ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மேடையேறி, ஒன்றுக்கொன்று புள்ளி போட்டு, விடிய விடியக் கொண்டாடும் பெரிய போட்டி. அங்கே அது நடக்கும்போது கொழும்பு குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். மாமியோ கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, காலைப் பூசையைத் தவறவிடாதவர். ஆகவே நாங்கள் ஞாயிறு பின்னேரம் பதிவைத்தான் பார்ப்போம். அதுவரை யார் வென்றது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. பழைய நாட்களில் இதற்குக் குக்கர் தேவைப்படவில்லை. ஜெர்மனியிலிருந்து மச்சான் அனுப்பும் வீடியோ கசெட் வந்துசேர இரண்டு மாதமாகும். உலகம் முழுக்க மறந்துபோன முடிவுக்காக நாங்கள் நகம் கடித்துக்கொண்டிருப்போம். கொழும்பில் யாரும் வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள் என்ற பயமே இல்லை. யாருக்கும் அப்படியொரு போட்டி நடப்பதே தெரியாது. இன்டர்நெட் வந்துதான் எங்கள் நிம்மதியைக் கெடுத்தது.

மாமிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பாட்டினால் அல்ல. அவர் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் ஒப்பரேட்டராக முப்பது வருஷம் இருந்தவர். பிள்ளைகளைக் கப்பலேற்றியும் விமானமேற்றியும் அனுப்பிவிட்டு லொட்ஜ்களில் காத்துக் கிடந்த தாய்மாரைப் பாரிசோடும் சூரிச்சோடும் ஒஸ்லோவோடும் தொடுத்துவிட்ட காதுகள் அவருடையவை. போட்டியின் கடைசிக் கட்டத்தில் அறிவிப்பாளர் ஒவ்வொரு தலைநகராகக் கூப்பிட்டு, "ஹலோ, கேட்கிறதா?" என்று புள்ளி கேட்பார் அல்லவா? அந்த இடம் வந்ததும் மாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு கணம் பதில் தாமதித்தால் இங்கே அவருடைய விரல் இல்லாத சுவிட்சைத் தேடும். "லைன் இருக்கு, லைன் இருக்கு, ஆள்தான் பவுடர் போடுது" என்பார். ஒரு முறைகூடத் தன் கண்ணால் பார்த்திராத ஊர்களை அவர் சொந்தக்காரர் வீடுகள்போல் அறிந்துவைத்திருந்தார்.

பாட்டுகளுக்கும் அவரிடம் தனி நீதிமன்றம் இருந்தது. "இந்த பின்லாந்துக்காரன் போனில ரெண்டு சொல்லுக்கு மேல கதைக்கமாட்டான். மேடையில ஏத்திவிட, பாருங்கோ, அடக்கி வைச்சதெல்லாம் வெளியில வருது." "இத்தாலிக்காரன் லைன் கிடைக்காட்டியும் அழுவான், கிடைச்சாலும் அழுவான். ஆனா வடிவா அழுவான்." பூவேலை செய்த மேலங்கிகளோடு ஏதோவொரு ஐரோப்பிய மலைநாட்டுப் பெண்கள் ஐந்து பேர் வந்து, தலைக்கு மேல் குரலை எறிந்து பாடினால், எதிர்வீட்டு ஹாஜியார் எழுந்தே நின்றுவிடுவார். அவர் வருஷாவருஷம் ஒரு சட்டி வட்டிலப்ப இனிப்போடு வந்து சோபாவின் இடது மூலையைப் பிடிக்கும் விருந்தாளி. "இது எங்கட கலியாண வீட்டுப் பைத்துப் பாட்டு மாதிரியே இருக்கே, டீச்சர்!" என்பார். மாமி டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டோம். கண்ணாடி போட்ட எல்லாப் பெண்களும் அவருக்கு டீச்சர்தான். ஆங்கிலத்தில் பாடுகிறவர்களுக்கு மட்டும் மாமி உச்சப் புள்ளியான பன்னிரண்டைப் போடவே மாட்டார். "சொந்த வீட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்தவன் ஏன் இங்கிலிசில கதைக்கிறான்?" கிரிக்கெட் பார்த்து நெஞ்சைப் பிடித்துப் பழகிய வீட்டில், நாங்கள் தோற்கவே முடியாத ஒரே போட்டி இது. எந்தக் கொடியும் எங்களுடையதில்லை. அதனால் எல்லாக் கொடியையும் ஆட்டினோம்.

இந்தத் திருவிழாவில் எனக்கொரு உத்தியோகம் உண்டு. டி.வி.யில் பதிவைத் தேடிப் போட்டுக்கொடுப்பது. தேடும்போது வென்றவரின் படம் கோப்பையோடு திரையில் வந்து பல்லிளிக்கக்கூடும் என்பதால், டி.வி.யைக் குளியல் துவாயால் மூடி, கீழ் ஓரத்தை மட்டும் இரண்டு விரல் உயர்த்தி, ஒற்றைக் கண்ணால் எழுத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். நிதானமான ஆளுக்குச் சின்ன வேலை. நானோ பஸ் வருமுன்பே மிச்சக் காசுக்குக் கை நீட்டுகிற ஆள். பதிவு ஓடாவிட்டால்? கரன்ட் போய்விட்டால்? மாமி ஓட்டோவில் வந்திறங்கி வெறும் துவாயைப் பார்த்தால்?

நான் சொல்லவந்த வருஷம் பயம் இரட்டிப்பு. முந்தின வருஷம் அதே ஞாயிறு மாமி ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்கவில்லை, முடிவைச் சொல்லவும் யாரையும் விடவில்லை. ஆகவே இரண்டு வருஷப் பசியோடு வருகிறார். பார்க்க வந்த டொக்டர் ஒருவரிடம், "எனக்கு அடுத்த மே மாதம் வரைக்கும் தந்தாப் போதும்" என்று பேரம் பேசினாராம். இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? காலை ஒன்பது மணிக்கு ஒருதரம் சோதித்தேன். ஒன்பதரைக்கு ஒருதரம். பத்து மணிக்கு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ததை உறுதிசெய்யப் போனபோது, துவாய் வழுக்கி என் காலடியில் விழுந்தது. திரை நிறையப் பொன் காகிதம் கொட்ட, கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் என்னையே பார்த்துச் சிரித்தார். எந்த நாடு என்று இன்றும் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர் யாராவது இருக்கலாம்.

அடுத்த ஆறு மணித்தியாலம் நான் ஒரு கொலைகாரன்போல் வீட்டுக்குள் நடமாடினேன். கேட்காமலே பாத்திரம் கழுவினேன். மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். மாமி வந்ததும் என் போனை முதல் ஆளாகக் குக்கருக்குள் போட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதிவு ஓடத் தொடங்கியது. நான் முன்யோசனையோடு ஒரு திட்டம் வைத்திருந்தேன்: எந்த நாடு வந்தாலும் ஒரே அளவில் "ஆஹா" சொல்வது. ஏழாவது ஆஹாவில் மாமி ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"மருமகன், ஒருக்கா குசினிக்கு வாங்கோ."

போனேன். அடுப்படியில் அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியும், என்ன?"

"என்ன மாமி தெரியும்? ஒண்டும் தெரியாது."

"சாவு செய்தியும் கலியாணச் செய்தியும் வீட்டுக்காரருக்கு முன்னம் கேட்ட காது இது. தெரிஞ்சவன் மூச்சு வேற. சொல்லாத, சொல்லாத எண்டு தனக்குச் சொல்லிக்கொண்டு விடுற மூச்சு."

நான் துவாய்க் கதையை ஒப்புக்கொண்டேன். கண்ணீர்கூட வந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள், வந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த மனுசியின் ஒரு பின்னேரத்தை நாசமாக்கிவிட்டேன். மாமி சிரித்தார். "நீங்கள் ஒண்டும் உடைக்கேல்ல. இன்னும் சொல்லேல்லத்தானே? எங்கட வேலையே அதுதான். ஆள் லைனுக்கு வருமட்டும் செய்தியை வைச்சிருக்கிறது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஆனா பக்கத்தில இருந்து மூச்சு விட்டீங்களெண்டா, எந்த நாட்டுக்கு நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீங்களெண்டு பாத்தே நான் கண்டுபிடிச்சிடுவன். புள்ளி குடுக்கத் தொடங்கினதும் ஐஸ்கிறீம் வாங்கப் போங்கோ. அவசரமில்லாமல் போங்கோ" என்றார்.

போனேன். ஒழுங்கையின் முடிவில், ரயில் பாதைக்கு இப்பால், உருகுகிற ஐஸ்கிறீம் பெட்டியோடு எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன். மேலே என்ன நடக்கிறது என்று எனக்கு அச்சொட்டாகத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. காலி நகரப் பக்கம் போகிற ரயில் ஒன்று தடதடத்துக் கடந்து முடிய, மூன்றாம் மாடியிலிருந்து அந்தக் கூச்சல் வெடித்தது. பிள்ளைகளின் கூவல், ஹாஜியாரின் "அல்லாஹ்!", எல்லாவற்றுக்கும் மேலே மாமியின் ஒரு பெரிய கைதட்டல். ரோட்டில் நின்று தனியே நானும் கைதட்டினேன். ஐஸ்கிறீம் கீழே விழுந்தது. மூன்றாவது தரமாக ஏறிப்போனபோது—பதற்றத்தில் இரண்டு தரம் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டியிருந்தேன்—மாமி வாசலில் நின்றார். முகம் முழுக்க வெளிச்சம். "லைன் கிளியர், மருமகன். இனி நல்லா மூச்சு விடுங்கோ."

அதற்குப் பிறகு இன்னும் மூன்று மே மாதங்கள் அவருக்குக் கிடைத்தன. டொக்டரிடம் பேசியதைவிட அதிகம்.

இந்த வருஷம் மூடியைத் திருகியது நான். விசிலையும் மாட்டினேன். ஹாஜியார் வட்டிலப்பத்தோடு தன் மூலையில். மாமியின் நாற்காலியில் யாரும் இருக்கவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. துவாய் வேலையை இப்போது மகளிடம் கொடுத்துவிட்டேன், இருதயத்துக்கு நல்லது. பாட்டுகள் ஓடின. கடைசிக்கு முந்தின பாட்டில், பக்கத்தில் இருந்த என் மனைவி ஒரு மூச்சு விட்டாள். எனக்கு முதுகு நிமிர்ந்தது. எங்கள் வீட்டிலேயே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் அவள். அடுத்த நாட்டுக்கும் அதே மூச்சு.

குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"காலமையே முடிவைப் பாத்திட்டன்" என்றாள். "அம்மா இல்லாமல், கடைசி வரைக்கும் தெரியாமல் இருக்க என்னால ஏலாமல் போச்சுதப்பா. நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கள்?"

"உன்ர கொம்மாட மருமகன் நான்" என்றேன். "காசு இந்தா. ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வா. அவசரமில்லாமல் போ."

அவள் அழுகையும் சிரிப்புமாகச் செருப்பைப் போட்டாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முதல் தலைநகரைக் கூப்பிட்டார்கள். குக்கருக்குள் யாருடைய போனோ தவளைபோல் அடித்தது. குக்கர் மேசையில் அரைவட்டம் போட்டது. ஒருவரும் எழும்பவில்லை. கடைசிப் புள்ளிக்கு முன் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ரயில் பாதைக்கு இப்பால், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் எங்கள் ஜன்னலையே பார்த்து நின்றாள்.

முடிவு வந்தது. நான் கொடி பிடித்திருந்த நாடு வெல்லவில்லை. இருந்தாலும் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, ஹாஜியாரையும் பிள்ளைகளையும் அங்கே இழுத்துவைத்து, கீழே கேட்கவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினோம்.