ஹேமாவதி நீக்கிய ஒரு வரி

கூடலூர் ஹேமாவதிக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. விருந்துக்குப் போன வீட்டிலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஜீப் செயலியின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொடுத்து, "கொஞ்சம் ஒழுங்குபடுத்தும்மா" என்றார் இவாஞ்சலின். தேனியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் மேலாளர் அவர். கேட்க வேண்டுமா!

விடியுமுன் கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நாற்பத்து மூன்று பேர். மறுநாள் ஜீப் எத்தனை மணிக்கு என்று முந்தைய மாலையே அவர்களுக்கு மெசேஜ் அனுப்புவதுதான் அந்தச் செயலியின் வேலை. அவர்களில் ஒருத்தி ஹேமாவதியின் அம்மா ஜக்கம்மா.

நிரலை எழுதியவன் பக்கத்து நாற்காலி அஜய்குமார். ஓடினால் போதும், அழகு எதற்கு என்கிற ஆள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வேறு கோப்புகளை அழைக்கும் இம்போர்ட் வரிகளைக் கண்டபடி கொட்டி வைத்திருந்தான். நிரலில் பிசகைச் சுட்டிக்காட்டும் லின்ட் கருவியின் விதிகளை ஹேமாவதி இறுக்கிப் போட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சிவப்புக் கோடுகள். பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பே அரித்தது. அழைத்துவிட்டு எங்கும் பயன்படுத்தாத பெயர்களை எல்லாம் ஒரே கட்டளையில் நீக்கினாள். பிற்பகல் மூன்று மணிக்குப் பூஜ்ஜியம் வந்தது. "பாத்தியா அஜய்?" என்று திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டும் விட்டாள்.

ஆறரைக்குப் பேருந்து உத்தமபாளையம் தாண்டும்போது அம்மா அழைத்தாள்.

"ஆத்தா ஹேமா, நாளைக்கு மேல ஹர்த்தாலுன்னு பேசிக்கிட்டாக. ஒங்க மெசேஜு அஞ்சு மணிக்கு ஜீப்புங்குது. அப்ப ஹர்த்தால் இல்ல போல. நான் வெள்ளனா படுக்கேன்."

ஹர்த்தால் உண்டு என்பது ஹேமாவதிக்குத் தெரியும். போன மாதம் கேரளாவில் ஹர்த்தால் என்று எல்லாவற்றையும் அடைத்த அன்று அந்த ஜீப்புகள் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டன. வழிமறித்தவர்கள் எறிந்த கல்லில் ஒரு கண்ணாடி நொறுங்கியது. அம்மா பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் இருட்டியபின் வீடு வந்தாள். அதன்பிறகுதான் அஜய்குமார் ஹர்த்தால் கோப்பு ஒன்றை எழுதிச் சேர்த்தான். அந்தக் கோப்பை அழைத்தாலே போதும், ஹர்த்தால் நாளில் ஜீப் இல்லை என்று அதுவே மெசேஜை மாற்றிவிடும். அதன் பெயரை வேறெங்கும் பயன்படுத்த வேண்டியதில்லை. லின்ட் அதைத்தான் வீண் என்று காட்ட, அவளும் நீக்கியிருந்தாள்.

பேருந்திலேயே மடியில் லேப்டாப்பை விரித்து அஜய்குமாரை அழைத்தாள்.

"அந்த வரி எதுக்குன்னு பக்கத்துல எழுதி வச்சிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல? நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்."

கம்பம் வரை சிக்னல் வருவதும் போவதுமாக உயிரை எடுத்தது. பெயரை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் அழைக்கும்படி வரியைத் திருத்தினாள். அதன் மேலே, 'இதை நீக்காதே. நீக்கினால் அம்மா ஜீப்பில் ஏறிவிடுவாள்' என்று எழுதினாள். ஏழேகாலுக்கு எல்லோருக்கும் இரண்டாவது மெசேஜ் போனது: நாளை ஜீப் இல்லை.

அப்பாடா என்று வீட்டுக்குள் நுழைந்தால், ஜக்கம்மாவும் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளும் ஆளுக்கொரு செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு உண்டுங்குது, ஒண்ணு இல்லைங்குது. எதத்தான் நம்புறது?" என்றாள் பாண்டியம்மாள். "போகாம விட்டா ஒருநாக் கூலி போச்சு. நான் அஞ்சு மணிக்குப் போயி நின்னு பாக்கத்தான் போறேன்."

ஹேமாவதி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"ரெண்டாவதுதான் நெசம்க்கா. மொதல்ல வந்தது நான் பண்ணுன தப்பு."

சொல்லும்போது அவமானத்தில் காது சுட்டது. அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட நடந்தாள். இன்னும் நாற்பத்தொரு வீடுகளில் அதையே சொல்ல வேண்டியிருந்தது.