சுப்பண்ணன் எருமை வாங்கிய கதை

கொடுமுடி சுப்பண்ணன் மலேரியா ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் கொசு பிடித்தவர். விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைகளில் டார்ச் அடித்து, பின்பக்கத்தைத் தூக்கி உட்கார்ந்திருக்கும் மலேரியாக் கொசுவாகப் பார்த்து, கண்ணாடிக் குழலில் வாயால் உறிஞ்சி எடுப்பார். டி.டி.டி. மருந்து தடவிய தாளைச் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் அடைத்து வைத்து, மறுநாள் எத்தனை செத்தது என்று எண்ணி எழுதுவார். சுவரில் அடிக்கும் மருந்துக்குக் கொசு இன்னும் பயப்படுகிறதா என்று சர்க்காருக்குத் தெரிவது அதை வைத்துத்தான். ஆள் பொய் எழுதமாட்டார். அதனால்தான் இத்தனை கூத்தும்.

1994-இல் நூறு கொசுவில் பத்தொன்பதுதான் செத்தது. அதிகாரி சீனிவாசலு ஒப்புக்கொள்ளவில்லை. கிடங்கு நிறைய மருந்து மூட்டை இருக்கும்போது கொசு எப்படிப் பிழைக்கலாம்? கொசு சாகாததற்கு விளக்கம் கேட்டு சுப்பண்ணனுக்கு மெமோ கொடுத்தார். மறுபடி சோதித்தால் பதினேழு. மூன்றாம் முறை தொண்ணூறு கொசுவாவது சாகாவிட்டால் வால்பாறைக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார். சுப்பண்ணன் ஓய்வு பெற இரண்டே வருஷம்தான் இருந்தது; இந்த வயசில் மலையேற வேண்டும். செத்ததாக எழுதித் தொலைக்கச் சொன்னாள் மனைவி தெய்வாத்தாள். அதற்குக் கை வரவில்லை.

கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் அதிகாரி வீட்டுக்குப் போனார். போன வாரம்தான் மருந்தடித்த வீடு. சீனிவாசலு கட்டிலில் கொசுவலைக்குள் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம மருந்து நல்ல மருந்துங்க சுப்பண்ணா," என்றார் வலைக்குள்ளிருந்து. "வலையத் தூக்காதீங்க, உள்ள வந்துரும்."

சுப்பண்ணன் கெஞ்சாமலே திரும்பிவிட்டார். மூன்றாவது சோதனைக்குக் கொசு பிடிக்க மறுநாள் விடியற்காலை அதே வீட்டுக்கு வந்து நின்றார். சீனிவாசலுவின் மனைவி ராமாமணி, ஆள் வந்ததே புண்ணியம் என்று தானே டார்ச் பிடித்து மூலை மூலையாகக் காட்டினார். ஒரே அறையில் நூறு தேறியது. அதில் செத்தது பதினொன்று. பிடித்த இடம் என்ற கட்டத்தில் 'அதிகாரி வீட்டுப் படுக்கையறை' என்று எழுதி நீட்டினார்.

சீனிவாசலு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"பதினொண்ணு இருந்துட்டுப் போகட்டுங்க. மாற்றலும் வேண்டாம். இடத்த மட்டும் ஏதாச்சும் மாட்டுக் கொட்டகைன்னு மாத்திப்போடுங்க."

அடுத்தவன் கொட்டகையைப் பொய்யாக இழுத்துவிட சுப்பண்ணனுக்கு மனசு வரவில்லை. 'சுப்பண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகை' என்று எழுதினார். அவருக்கு மாடும் இல்லை, கொட்டகையும் இல்லை.

நேராகச் சந்தைக்குப் போய் ஓர் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நான்கு கம்பு நட்டு ஓலை வேய்ந்தார். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

"ரெக்கார்டுல எழுதிப்போட்டேன் அம்மணி. பொய்யாயிரக் கூடாதல்ல."