கல்லைக் காட்டிக்கொடுத்த போன்

என் கணவர் அந்தப் போன் பெட்டியைத் திறப்பதற்கு முன் சவுக்காரம் போட்டுக் கை கழுவினார். பதினான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில், சோறு தின்ன இருக்கும்போதுகூட அந்த மனிதர் சவுக்காரம் தொட்டதை நான் கண்டதில்லை. மீன் செதில் ஒட்டிய கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையை இழுப்பவர். அன்றைக்கு மட்டும் விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, துவாயில் ஒற்றி, கதிரையில் நிமிர்ந்து இருந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே போன் கிடந்தது. சார்ஜர் இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டுமாம். இவ்வளவு விலைக்கு விற்கிறவனுக்கு ஒரு சார்ஜர் வைக்க மனம் வரவில்லை. அதையும் இவர் பெருமையாகத்தான் சொன்னார்.

"விலை கூடின போனெண்டா இப்ப அப்பிடித்தான். சார்ஜர் குடுக்கிறது மலிவுப் போனுக்கு."

எங்கள் மீன்பிடி வள்ளத்து இஞ்சின் இரண்டு வருடமாக இருமிக்கொண்டு கிடந்தது. புது இஞ்சினுக்கென்று வைத்திருந்த காசில் முக்கால்வாசி அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. போன வருடம் வந்தது இதைவிட மலிவு, அதற்கு முந்தின வருடத்தது அதைவிட மலிவு என்று கடைக்காரன் சொன்னதை அவரே சொன்னார். அப்படியென்றால் இதில் என்ன கூடியிருக்கிறது என்று கேட்டேன். முதுகில் ஒரு கமரா கூடியிருக்கிறதாம். வருடத்துக்கொரு கண் முளைக்கிறது, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு இஞ்சின் விலை. பார்க்கிற மனிதனுக்கு மட்டும் பழைய இரண்டு கண்தான், அதிலும் இவருக்கு ஒன்றில் பூ விழத் தொடங்கியிருந்தது.

திருகோணமலைக்குப் பக்கத்தில், சல்லிக் கடற்கரையில் நான் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். விடியக் கடலுக்குப் போன வள்ளங்கள் கரையேறியதும் ஆட்கள் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். முன்பெல்லாம் பட்ட மீனின் நீளத்தை இரண்டு கையாலும் காட்டிப் பொய் சொல்வார்கள். இப்போது மேசையில் போனை மல்லாக்க வைப்பார்கள். யாருடைய போன் எந்த மொடல் என்பது எனக்கு ஆளாளுக்குச் சீனி எவ்வளவு என்பதுபோலத் தெரியும். கடன் வாங்கி எடுத்த போனை வைத்துக்கொண்டு கடனுக்குப் பிளேன்டீ கேட்கிறவர்களையும் தெரியும். அந்த மேசையில் இவருடைய போன் வந்து விழுந்த நாளில் மற்றப் போன்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் போயின. அவருக்கு அது போதும். மனிதர் அன்றைக்கு மத்தியானம் சோறே கேட்கவில்லை.

அதன் வித்தைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. சல்லியில் நின்றுகொண்டு கோணேசர் மலையிலிருக்கும் காகத்தைப் படமெடுக்கும். காகத்தைப் பார்க்க எனக்கு இஞ்சின் விலை எதற்கு? தலைக்கு மேலேயே வேண்டிய மட்டும் பறக்கின்றன. தண்ணீருக்குள் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் வாங்கினார். ஆனால் கடலுக்குக் கொண்டுபோகும்போது இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி, அதைப் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடுவார். ஈரக்கை பட்டால் அது திறக்காது. வெயில் ஏறினால், சூடாகிவிட்டது, ஆறவிடுங்கள் என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். வெயிலும் ஈரமும் ஒத்துக்கொள்ளாத ஒன்றைத் திருகோணமலைக் கடலுக்கு வாங்கிய புத்திசாலி என் கணவர்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் பேசிவிட்டு ஓய்ந்திருப்பேன். ஆனால் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். அப்பா எனக்கு வீடு தந்தார், வள்ளம் தந்தார், அதற்கு மேல் ஒரு கல்லும் தந்தார். கல்லென்றால் கடலுக்கடியில் தனியாகக் கிடக்கும் ஒரு பாறை. கலவாயும் விளைமீனும் அதில்தான் குடியிருக்கும். அப்பா இளந்தாரியாக இருந்தபோது கண்டுபிடித்த கல் அது. சுனாமி எங்கள் பழைய வீட்டையும் பழைய வள்ளத்தையும் கொண்டுபோனது, கல்லைக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீடு எழும்பியது அந்தக் கல்லில் பட்ட மீனில்தான்.

அந்த இடம் வேறு ஒருவருக்கும் தெரியாது. அப்பா தன் கூடப்பிறந்த தம்பிக்கே சொல்லவில்லை. போகும்போது நேரே போகமாட்டார், சுற்றித்தான் போவார். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் அங்கே தூண்டில் போடுவார், மீன் வளரட்டும் என்று விட்டுவிடுவார். நல்ல மீன் பட்டால் வலையால் மூடிக்கொண்டு கரைக்கு வருவார். எங்கே பட்டது என்று கேட்டால் "நிலாவெளிப் பக்கம்" என்பார். கேட்கிறவர்களுக்கும் அது பொய்யென்று தெரியும். கல் வைத்திருக்கிறவன் பொய் சொல்வது சல்லியில் மரியாதைக் குறைவல்ல. என் கலியாணம் முடிந்த கிழமை அப்பா மருமகனை மட்டும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய் இடத்தைக் காட்டி, இலக்கத்தைப் பதிந்து வைத்திருந்த பழைய ஜீபிஎஸ் கருவியையும் கையில் கொடுத்தார். சீதனம் எனக்கு. ஆனால் அதை நான் கண்ணால் கண்டதில்லை.

போன் வந்து ஒரு மாதமிருக்கும். கல்லில் ஒரு கலவாய் பட்டது, தூக்க இரண்டு பேர் வேண்டிய கலவாய். இவர் அந்த இடத்திலேயே தகரத்தைத் திறந்து, பைகளை அவிழ்த்து, சாரத்தில் கையைத் துடைத்து, மீனைப் படமெடுத்திருக்கிறார். கரைக்கு வரும்போது பழக்கப்படி மீனை வலையால் மூடிக்கொண்டுதான் வந்தார். மூடிய மீனைக் காட்டவில்லை, படத்தைக் காட்டினார். கடை நிறைய ஆட்கள்.

"மீனிட கண்ணைப் பெருசாக்கிப் பாருங்க," என்றார். "கண்ணுக்குள்ள என்ர முகம் தெரியுது."

உண்மையாகவே தெரிந்தது. செத்துக்கொண்டிருந்த மீனின் கண்ணுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். போன் கைக்குக் கை போனது. எங்கே பட்டது என்று ஒருவர் கேட்டார். "நிலாவெளிப் பக்கம்," என்றார் இவர்.

எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் தன் வள்ளத்தைக் கரையேற்றுகிறவர் ஒருவர். அவருடைய கைக்குப் போன் போனதும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், விரலால் மேலே தள்ளினார், பிறகு தன்னுடைய போனை எடுத்தார். கண்ணாடி நாலாக வெடித்து ரப்பர் பட்டி போட்ட போன். அதால் இவருடைய போனைப் படமெடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தம்பி, போனைப் போனால படமெடுக்கிறீங்க?"

"அண்ணன் வடிவா எடுத்திருக்கிறார் அக்கா. மனிசிக்குக் காட்டத்தான்."

என் கணவருக்கு நெஞ்சு விரிந்தது. அந்தத் தம்பிக்கு என் கணக்கில் ஒரு வடை வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். இரண்டு பேரில் யார் பெரிய மடையன் என்று எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டு வைத்தேன்.

நாலாம் நாள் இவர் வெறும் வள்ளத்தோடு வந்தார். கல்லுக்கு மேல் மூன்று வள்ளம் நிற்கிறதாம். அடுத்த கிழமை ஏழு. பிறகு தூண்டிலை விட்டுவிட்டு வலை போடத் தொடங்கினார்கள். கல்லில் மீன் வளர வருடங்கள் எடுக்கும், வழிக்க ஒரு மாதம் போதும்.

"எங்கட வள்ளத்துக்குப் புறகால வந்து பாத்திருப்பாங்கள்," என்றார். "எங்கட இஞ்சின் சத்தம் ஊருக்கே கேக்குது."

"அப்ப இஞ்சினை மாத்தியிருக்கலாமே?" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சார்ஜ் போடச் சொல்லி அந்தப் போனைப் பூட்டாமலே என்னிடம் தந்த ஒரு மத்தியானம், எங்களுக்குக் கடைசியாகப் பட்ட பெரிய மீனைப் பார்க்கலாமென்று படத்தைத் திறந்தேன். விரல் தவறி மேலே தள்ளுப்பட்டது. படத்துக்குக் கீழே ஒரு வரைபடம் வந்தது. முழுக்க நீலம். நீலத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. பெரிதாக்கினேன். கரை தெரிந்தது, சல்லி தெரிந்தது, என் கடை நிற்கிற வளைவும் தெரிந்தது. என் சீதனத்தை நான் முதன்முதலில் கண்டது அப்படித்தான். போனைப் போனால் படமெடுத்தவனைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு என் காதுக்குள்ளேயே கேட்டது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது போனுக்குள்ளதானே இருக்கு," என்றார். "வெளியில போகாது. இதில இருக்கிற பாதுகாப்பு வேற எதிலயும் இல்ல. என்ர முகத்தைக் கண்டாத்தான் திறக்கும்."

"அந்த முகம்தானே திறந்து குடுத்தது?"

மாமாவுக்குச் சொல்லிப்போடாதே என்று கெஞ்சினார். அவருக்காக இல்லை, அப்பாவுக்காக ஒத்துக்கொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போய்க் கடலுக்குப் போவதில்லை. மத்தியானத்தில் கடைக்கு வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். நீரோட்டம் சரியில்லை, அதனால்தான் மீன் இல்லை என்று நாங்கள் சொல்லிவைத்தோம். அவர் கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம், கடையில் அப்பாவும் என் கணவரும் நானும்தான். பக்கத்து வள்ளத்துக்காரர் வந்தார். கையில் ஈர்க்கில் கோத்த இரண்டு விளைமீன், என் உள்ளங்கை அளவு. மேசையில் வைத்தார்.

"ஐயாவுக்குக் கறிக்கு," என்றார். ஒளித்துப் பேச வேண்டுமென்ற எண்ணமே அவருக்கு இல்லை. கல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, இனி என்ன ஒளிப்பு என்று நினைத்திருப்பார். "அண்ணன், உங்கட போனில பாத்துத்தான் நாங்கள் அங்க போனனாங்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல துல்லியம். எங்கட ஜீபிஎஸ்கூட அப்பிடிக் காட்டாது. நானும் ஒண்டு எடுக்கப் போறன். என்ன விலை?"

என் கணவர் பாய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையைப் புரட்டுவார், சட்டையைப் பிடிப்பார், குறைந்தது தலையைக் குனிவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் முதலில் செத்துத்தான் போனது. அடுத்த கணம் அதில் உயிர் வந்தது.

"காட்டும்தானே!" என்றார். "என்ன விலையெண்டு நினைக்கிறீங்க?"

விலையைச் சொன்னார். இப்போது அதைவிடக் கூடியிருக்கும் என்றார். டவுனில் தெரிந்த கடை இருக்கிறது, கூட வந்து எடுத்துத் தருகிறேன் என்றார். நான் அவரோடு எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

"மருமகன்," என்று அப்பா கதிரையிலிருந்து கூப்பிட்டார். "அதை ஒருக்காக் காட்டுங்க."

என் கணவர் முகத்தைக் காட்டிப் போனைத் திறந்து, படத்தை மேலே தள்ளி, அப்பாவின் கையில் வைத்தார். அப்பா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஐம்பது வருடம் மூடிவைத்த இடம், நீலத்தில் ஒரு புள்ளி. விரலால் தொட்டார். தொட்டதும் படம் விரிந்தது. அப்பா திடுக்கிட்டு விரலை இழுத்துக்கொண்டார்.

"இதை அழிக்க ஏலுமா?"

"ஓம் மாமா. ஒரு தட்டுத்தான்." இவர் தட்டினார். "பாத்தீங்களா, உடன போயிட்டுது. வேற போனெண்டா சுத்திக்கொண்டு நிக்கும்."

பக்கத்து வள்ளத்துக்காரர் நிலத்தைப் பார்த்தார். எடுத்தவனுக்கே வெட்கம் வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அப்ப இனி ஒருத்தருக்கும் தெரியாது, என்ன மகள்?"

அவர் நம்பிக் கேட்டாரா, நம்பின மாதிரிக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஓம் அப்பா," என்றேன். "ஒருத்தருக்கும் தெரியாது."