ஆள் குறைந்த குரூப் போட்டோ

கல்யாண போட்டோ தொழிலில் கேமராவைச் சமாளித்துவிடலாம், அதற்கு முன்னால் வந்து நிற்கிற சொந்தபந்தத்தைச் சமாளிக்க முடியாது; கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர்களுக்கு இது தெரியும்.

மாப்பிள்ளை யார்?

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் முனுசாமி அண்ணன் கேஜ், அதாவது ஆட்கள் ஏறிப்போகும் இரும்புக் கூண்டை, இறக்குகிறவர். ஆட்களை எண்ணி அவர் மணி அடித்தால்தான் கேஜ் அசையும். பெண் வீட்டாருக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமென்று மூத்த மகன் செல்வத்தை என் ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். கூட வேலை செய்யும் தேவராஜ் இல்லாமல் நிற்க மாட்டேன் என்றான் செல்வம். தேவராஜ் அவன் தோளில் கை போட, எடுத்துத் தொலைத்தேன். அண்ணன் அவசரத்தில் அதையே பங்காருபேட்டையில் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வலது பக்கம் நிற்கிற பையனைப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டதாகப் பதில் வந்தது. வலது பக்கம் தேவராஜ்.

செல்வம் சிரிக்காமல் என்னிடம் சொன்னான்: "அந்தப் பொண்ண இன்னா சொல்றதுண்ணே, எனக்கும் அவனத்தான் புடிச்சிருக்கு."

தோள்மேல் கை

அதையே வீட்டிலும் சொல்லிவிட்டான். பெண்ணே வாணாம், வாழ்ந்தா தேவராஜோடதான் என்று. அண்ணன் கொதித்துப்போய், அந்தப் பயல் இனி வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார். கையோடு என்னிடம் வந்து, படத்திலிருந்தும் அவனை வெட்டச் சொன்னார். வெட்டினேன். கை மட்டும் செல்வத்தின் தோளிலேயே தங்கிவிட்டது. அதைச் சுரண்டினால் தோளும் போய்விடும் என்று, படம் வாங்க வந்த அண்ணியிடம் சொன்னேன். அவர் முந்தானையால் படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அப்ப வுடுப்பா. தோளு போச்சுன்னா எம் புள்ள இன்னாத்துக்கு ஆவான்?"

பின்வரிசை

இரண்டு வருஷம் கழித்து மகள் கல்யாணம். அண்ணி சொல்லி அனுப்ப, தேவராஜ் வந்து பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் கண்டும் காணாததுபோல் இருந்தார். குரூப் போட்டோ என்றால் ஜோடிகள் பின்னால் நிற்பார்கள், கல்யாணமாகாததுகள் முன்னால் ஜமுக்காளத்தில் உட்காரும். முப்பது வயசு செல்வம் வாண்டுகளோடு முட்டி மடக்கி உட்கார்ந்திருந்தான். பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

ரெடி என்றேன். அண்ணன் கையைத் தூக்கித் தடுத்தார். பழக்கதோஷம், தலைகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். செல்வத்திடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. விறுவிறுவென்று பந்திக்குப் போய், வாளியும் கையுமாக தேவராஜை இழுத்துவந்தார். செல்வத்தையும் எழுப்பி, இரண்டு பேரையும் பின்வரிசையில் ஜோடிகளோடு நிறுத்தினார். யார் இந்தப் பையன் என்று சம்பந்தி கேட்டார்.

"எங்க வூட்டு ஆளு. ஆளு குறைஞ்சா நான் மணி அடிக்கறதில்ல."

படத்தில் சாம்பார் வாளியும் விழுந்துவிட்டது, ஆனால் இந்த முறை எதையும் வெட்டச் சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை.