ஏழாவது வளைவில் விழுந்த முள்

சித்தேரி மலைப்பாதையில் ஏழாவது வளைவுக்கு வந்தால் என் காரின் ஆயில் மீட்டர் முள் விழுந்துவிடும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஏறுகிற ஒவ்வொரு தடவையும். அரூரிலிருந்து கிளம்பும்போது நிமிர்ந்து நிற்கும். மலையடிவாரம் வரைக்கும் அசையாது. முதல் கியரில் ஏற ஆரம்பித்ததும் மெல்லச் சாயும். ஏழாவது வளைவில் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு மேலும் ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வண்டி வெறும் தகரம்தான்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்து வாடகைக் கார்களில் பாதிக்கு மேல் இன்ஜின் மாற்றியவைதான். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, அடிபட்ட வேனிலிருந்து எடுத்த டீசல் இன்ஜினை உட்கார வைப்பார்கள். என் காருக்கு அதைச் செய்தது தர்மபுரியில் பட்டறை வைத்திருந்த பாய். கை சுத்தமான மனிதர். அவர் இறுக்கிய போல்ட்டை நான் ஒருநாளும் திரும்ப இறுக்கியதில்லை.

மலை ஏறுவது எனக்குச் சவாரி அல்ல. என் மனைவி சித்தேரியில் நர்ஸாக இருந்தாள். கிராமத்திலேயே தங்கி ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது அவள் வேலை. ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்துக் கொடுத்தவள், தன் பிள்ளைகள் இரண்டையும் ஏழாம் மாதத்துக்கு மேல் வயிற்றில் தக்கவைக்க முடியாமல் இழந்திருந்தாள். இரண்டு தடவையும் ரத்தக் கொதிப்பு. மூன்றாவது தடவை தர்மபுரி டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்: "தலைவலி வந்து கண்ணு மங்குச்சுன்னா ஒரு நிமிஷம்கூட அங்க இருக்கக் கூடாது. நேரா இங்க வந்துடணும்." அவளுக்குப் பதில் ஆள் வரும் வரைக்கும் லீவு கிடைக்கவில்லை. மேலே போகும் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆகவே என் கார் எந்த நேரத்திலும் மலை ஏறியாக வேண்டும். ஏழாவது வளைவில் நிற்கக் கூடாது.

அரூர் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். "ஆயில் கூலர் வைய்யி." டீசல் இன்ஜின் சூடு தாங்காமல் ஆயில் தண்ணீராகிறது, தண்ணீரான ஆயிலுக்கு அழுத்தம் நிற்காது, கூலர் வைத்தால் ஆயில் ஆறும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எதற்கும் இன்ஜின் வைத்தவரையே கேட்போம் என்று தர்மபுரிக்குப் போனேன்.

பாய் என்னோடு காரில் ஏறினார். தொப்பூர் கணவாய் கீழ்வரைக்கும் இறங்கி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே திரும்ப ஏறினோம். அங்கேயும் முள் சாய்ந்தது. மேலே வந்ததும் ஓரங்கட்டச் சொன்னார். அடியில் படுத்து, இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டியின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சொய்யென்று துள்ளியது. எழுந்து, ஆயில் குச்சியை உருவி விரலில் தடவிப் பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருந்தது. மலை ஏறும் வண்டியில் தண்ணீர் கொதிப்பது அதிசயமா என்று நான் அதைச் சட்டை செய்யவில்லை. தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. எனக்குத் தெரிந்த நோய் ஆயில் மீட்டர் காட்டிய நோய் மட்டும்தான்.

பாய் காரின் முன்னால் வந்து நின்றார். கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஜாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் ஜாலியைப் பார்த்தார்.

"கூலர் வேணாம்ங்க. இன்ஜின் நல்லாருக்குது. அதுக்குக் காத்து வேணும்."

"காத்துன்னா?"

"முன்னாடி அடைப்பு இல்லாம இருக்கணும்ங்க." அவர் பார்வை எங்கேயோ லாரிகள் பக்கம் போய்விட்டது. "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கே தெரியும்."

யோசித்தேன். என் அறிவுக்கு எட்டியவரை யோசித்து, அன்றைக்கே முன்னால் இருந்த இரண்டு ஹார்ன்களையும் மஞ்சள் விளக்கையும் கழற்றி டிக்கியில் போட்டேன். பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜாலியின் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பலகை இருந்தது. தகரப் பலகை. அதில் எங்கள் ஊர் எல்லையம்மன், சிவப்பும் மஞ்சளுமாக, கீழே 'எல்லையம்மன் துணை' என்று எழுத்து. மூன்றாவது பிள்ளை வயிற்றில் தங்கியது தெரிந்ததும் கோயிலில் வேண்டிக்கொண்டு பூசாரி கையால் வாங்கி மாட்டியது. பிள்ளை பிறந்து அதன் தலைமுடியைக் கோயிலில் இறக்கும் வரைக்கும் கழற்றுவதில்லை என்பது வேண்டுதல். தினமும் பூ வைப்பேன். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். இன்ஜின் மாற்றியதும் பலகை மாட்டியதும் ஒரே மாதத்தில் நடந்தவை. முள் விழுந்ததற்கு இன்ஜினைத்தான் சந்தேகப்பட்டேன். பலகையைச் சந்தேகப்பட எனக்கு எப்படி மனசு வரும்? என் குடும்பத்தைக் காக்கிறதாக நான் நம்பியதே அது ஒன்றைத்தானே.

ஹார்ன்களைக் கழற்றியும் முள் விழுந்தது. பாய்மேல் கோபம் வந்தது. தான் வைத்த இன்ஜினில் குறை இருப்பதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் காற்று, கீற்று என்று கதை விடுகிறார் என்று ஸ்டாண்டில் வாய்கூசாமல் சொன்னேன். பழைய லாரியிலிருந்து கழற்றிய கூலர் ஒன்று கிடைத்தது. அரூரில் ஒரு ஃபிட்டர் குழாய் போட்டு மாட்டிக் கொடுத்தார். மாட்ட இடம் இருந்தது பலகைக்கு நேர் பின்னால்தான்.

"அம்மாளே முன்னாடி நிக்கிறா, இனிமே என்ன பயம்?" என்றார் ஃபிட்டர். எனக்கும் அது நல்ல சகுனமாகப் பட்டது.

ஊத்தங்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். முள் நிமிர்ந்தே நின்றது. மலையில் ஏற்றிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்பதெல்லாம் பொய். ஏறிப் பார்த்து முள் விழுந்துவிட்டால் அதற்குமேல் செய்ய என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரை மாதம். காலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இதில் வரிகள் கோணிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 'தலைவலி. கண் மங்குகிறது. உடனே வரவும்.' அவ்வளவுதான்.

வெயில் தலைக்கு ஏறும் நேரத்தில் மலையடிவாரம் தொட்டேன். ஐந்தாவது வளைவில் முள் சாய்ந்தது. கூலர் இருக்கிறது, விழாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஏழாவது வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஓரக் கல்லில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டினால் இன்ஜின் போய்விடும், அப்புறம் அவளை எதில் இறக்குவது? ஆயில் ஆறட்டும், ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். குடத்துத் தண்ணீரைக் கூலர்மேல் ஊற்றினேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். கிளப்பினேன். இரண்டு வளைவு ஏறியதும் மறுபடியும் விளக்கு. கார் கதவை உதைத்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மலை முழுக்க அது கேட்டது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பள்ளத்திலிருந்து அப்போது நல்ல காற்று வீசியது. காரின் முன்னால்தான் நின்றிருந்தேன். காற்று பலகையில் மோதித் திரும்பி என் முகத்தில் அடித்தது. கையைப் பலகைக்குப் பின்னால், கூலருக்கும் பலகைக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். அடுப்புக்குள் விட்டதுபோல் இருந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. பாய் ஜாலியைப் பார்த்ததும், என்னைப் பார்த்ததும், லாரிகள் பக்கம் திரும்பிக்கொண்டதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது.

போல்ட்டுகள் துருவேறியிருந்தன. ஸ்பேனர் வழுக்கியது. ஜாக்கி லீவரை விட்டு நெம்பிப் பிய்த்தேன். "தாயே, கோவிச்சுக்காதே, தாயே, கோவிச்சுக்காதே" என்று சொல்லிக்கொண்டே பிய்த்தேன். உள்ளங்கை கிழிந்து அம்மன் முகத்தில் ரத்தம் பட்டது. பலகையை ஓரக் கல்லில் சாத்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். முள் பாதிக்குக் கீழே இறங்கவேயில்லை. சித்தேரி வரைக்கும் இறங்கவேயில்லை.

அவளைக் கட்டிலோடு வாசலில் வைத்திருந்தார்கள். பல்லுக்கு நடுவே துணி. வலிப்பு வந்துபோயிருந்தது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். இறங்கும்போதும், அரூரிலும், தர்மபுரி வரைக்கும் கார் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று டாக்டரம்மா கேட்டார். பின்சீட்டில் வந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"உச்சிப் பொழுதுங்க. அதுவரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்துச்சு. கார் சத்தம் கேக்குதா, கார் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க."

உச்சிப் பொழுதில் நான் ஏழாவது வளைவில் கல்லின்மேல் உட்கார்ந்து ஆயில் ஆறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்டாண்டில் நான் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கும். இருந்தும் வந்தார். வெளியே நின்ற காரின் முன்னால் போய், பலகை இருந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டைகளைப் பார்த்தார். அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்ங்க. உங்க சாமியக் கழட்டுன்னு நான் எப்படிங்க சொல்றது? தப்பா எடுத்துக்குவீங்கன்னு உட்டுட்டன்."

"சொல்லியிருந்தா உங்களை அடிச்சிருப்பேன் பாய்" என்றேன். அது சத்தியம்.

"அடிச்சிருக்கலாமே" என்றார். "அடிச்சிட்டுப் போயி, வளைவுல நிக்கும்போதாவது நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்ங்களே."