குதிகாலால் அழுத்திப் பார்த்த தரை

2023 நவம்பர் 19, ஞாயிறு. காலையில் வழக்கம்போல் குடிநீர்ப் பானையைக் கழுவி நிரப்பினேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினேன். அவனியாபுரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து வரும். விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த என் மனைவியின் அண்ணன், காபி டம்ளரோடு அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டு நீள ரன்வே இருந்தா தூங்கிக்கிட்டே எறக்கலாம் மாப்ள."

வெறும் பெருமையில்லை. அவர் ஓட்டியது குட்டையான ஓடுபாதையில் ஏறி இறங்குவதற்கென்றே செய்த சரக்கு விமானம். வடகிழக்கில் அவர் வேலை பார்த்த ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை பார்த்தேன். வயிறு பெருத்து, பறக்கும் என்று நம்பமுடியாத வடிவம். இன்னும் கொஞ்சதூரம் ஓடும் என்று நான் நினைப்பதற்குள் தரையை விட்டிருந்தது.

மதியம் சோழவந்தானில் மாமியார் வீட்டுச் சாப்பாடு. இரண்டு நாளாக மழை. வெற்றிலைக் கொடிக்கால்களில் தண்ணீர் நின்றது. சாப்பிடும்போது மச்சான் தன் மூத்த விமானி ஒருவரைப் பற்றிச் சொன்னார். மலை நடுவே மண் ஓடுபாதை எதுவானாலும் அதன் முழு நீளமும் நடந்து, குதிகாலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து வண்டியைக் கிளப்புவாராம். ஒருமுறை அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போய், பள்ளத்தாக்கில் மேகம் அடைத்திருந்ததால் மூன்று நாள் தொடர்ந்து இறங்காமலே திரும்பினாராம்.

"மூஞ்சியில ஒரு வருத்தம் இருக்கணுமே! வந்து எறங்குன ஒடனே முட்டைப் பொரியல் கேப்பாரு. நாலாம் நாள் வானம் தெளிஞ்சுச்சு, போய் எறக்கிட்டு வந்தோம்."

சிரித்துக்கொண்டிருந்த மாமியார் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. பக்கத்துத் தெரு டாக்டர் நாக்குக்கடியில் மாத்திரை வைத்து, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். என் காரை மச்சான் ஓட்டினார். பின்சீட்டில் என் மனைவி தாயைத் தாங்கிக்கொண்டாள்.

மதுரைக்குப் போகும் மேலக்கால் சாலையில் ஒரு பள்ளத்தில் வெள்ளம் குறுக்கே ஓடியது. பக்கத்தில் வாய்க்கால் கரையின் மண்பாதை. மச்சான் வண்டியை நிறுத்தி இறங்கி, அதில் நடந்தார். நாலெட்டுக்கு ஒருமுறை நின்று குதிகாலை ஊன்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்தவர், "தாங்காது. வாடிப்பட்டி சுத்தித்தான் போகணும்" என்றார்.

"மச்சான், இப்பத்தான் ரெண்டு பைக்கு போச்சு!"

"பைக்கு போகும் மாப்ள. கார் போகாது."

பின்னாலிருந்து மாமியாரின் குரல் மெலிதாக வந்தது. "மலைக்குள்ள ஏரோப்ளேன எறக்குனவன், இந்த வாய்க்காக் கரையில போக மாட்டியாக்கும்?"

"அரிசி மூட்டைய வச்சுக்கிட்டே போக மாட்டேன் ஆத்தா. ஒன்னய வச்சுக்கிட்டா போவேன்?"

வண்டியைத் திருப்பினார். வந்த வழியே சோழவந்தானுக்குப் போய், வாடிப்பட்டியைத் தொட்டு, நான்குவழிச் சாலையைப் பிடிக்கும்வரை நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரே சீராக ஓட்டினார். ஒரு குலுக்கல்கூட இல்லை.

ரத்தக்குழாயில் அடைப்பு. மதுரை ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னபோது, நான் மச்சானின் முகத்தைத்தான் பார்த்தேன். காலையில் மாடியில் பார்த்த அதே முகம்.

"பசிக்குது மாப்ள. முட்டைத் தோசை எங்க கிடைக்கும்?"

வாங்கிவந்தேன். இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியே தாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கள் காலை முதல் வேலையாக, மாமியாரின் மாற்றுச் சேலைகளை எடுத்துவர பைக்கில் சோழவந்தானுக்குக் கிளம்பினேன். சாலையில் வெள்ளம் வடிந்திருந்தது. வாய்க்கால் கரையில் நிறுத்தினேன். மச்சானின் குதிகால் குழிகள் தண்ணீர் தேங்கி வரிசையாகக் கிடந்தன. கடைசிக் குழிவரை நடந்து, அதற்குப் பக்கத்தில் என் குதிகாலை ஊன்றினேன். கணுக்கால்வரை உள்ளே போனது.