மத்தூர் பஸ்ஸில் உருகாத களிம்பு

பவளம் காரட் சீவுகிற தட்டில் தேன்மெழுகைச் சீவிக்கொண்டிருந்தாள். ஜவளகிரியில் தேன் எடுப்பவர்களிடம் வாங்கிய கட்டி. விரல் நுனியெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம், அதில் நல்லெண்ணெய்.

"யம்மா, ஒங்க காய்ச்சல் தெர்மாமீட்டரக் குடுங்களேன். எண்ணெ எம்புட்டு சூடுன்னு பாக்கணும்."

"வெடிச்சுடும். மெழுகு கரையற சூடு போதும்" என்றேன்.

நான் பக்கத்து வீட்டில் இருப்பவள். படுக்கையில் கிடந்த நோயாளிகளை முப்பது வருடம் குளிப்பாட்டியவள். தெர்மாமீட்டரை இரவல் கொடுப்பதில்லை.

பவளம் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பைக் மட்கார்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. அங்கே அவளோடு இருபத்தைந்து பெண்கள். ஷிப்ட் முடியும்போது முகத்தில் பெயின்ட் தூளும் கிரீஸும் படிந்திருக்கும். சோப்புக்குப் போகாது. அதனால் பெயின்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வார்கள். மத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் சரிதாவுக்குக் கன்னம் இரண்டும் வெடித்து நீர் கசிந்தது. நானே பார்த்தேன், வெந்த தோல் மாதிரி இருந்தது.

பவளம் நல்லெண்ணெயில், சோப்புச் சாமான் கடையில் விற்கும் ஒரு திரவத்தைக் கலந்தாள். எண்ணெயைத் தண்ணீரோடு சேர வைக்கிற திரவம் அது. காய்ந்த முகத்தில் தேய்த்துத் தண்ணீர் விட்டால் பாலாக வெளுத்து, அழுக்கோடு கழுவிப் போய்விடும். இரண்டு மாதத்தில் சரிதாவின் கன்னம் ஆறியது.

பிறகுதான் தொல்லை. லாக்கர்களை மூன்று ஷிப்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் யாரும் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. எல்லாம் பையில் வீட்டுக்குப் போய்த் திரும்பும். ஒரு நாள் சரிதாவின் பாட்டில் ஒழுகி, கையுறையில் பட்டு, பதினொரு மட்கார்டில் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி விழுந்தது.

சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் சத்தம் போடவில்லை. "அக்கா, எண்ணெய் பாட்டில் இனிமே உள்ள வரக்கூடாது. ஒழுகாத மாதிரி செஞ்சா திங்கக்கிழமை காட்டுங்க. இல்லன்னா விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டால் மறுபடியும் தின்னர்தான்.

மெழுகு சேர்த்துக் களிம்பாக்கத் தொடங்கினாள். நூறு கிராமுக்கு ஏழு கிராம். ஆறியதும் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள், விழவில்லை. வியாழக்கிழமை சரிதாவிடம் கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமை அது பிளாஸ்டிக் கவருக்குள் நெய்யாகத் திரும்பி வந்தது.

"மூடிய ஒழுங்கா மூடுனியாட்டி?"

"மூடினேன்க்கா. மதியம் பஸ்ல என்ஜின் பக்கம் தான எடம். எங்கூர்ல வெயிலுக்கு மண்டையே உருகுது, உன் மருந்து எம்மாத்திரம்?"

பவளம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மார்ச்சு மாதத்திலும் விசிறி போடாத ஓசூர் வீட்டில் செய்து, அங்கேயே சரிபார்த்திருந்தாள். கிருஷ்ணகிரியைத் தாண்டினால் வேறு வெயில் என்பது யோசனைக்கே வரவில்லை.

ஞாயிறு மதியம் ஏழு, பத்து, பதிமூன்று, பதினாறு என்று மெழுகு போட்ட நான்கு டப்பாக்களோடு மத்தூர் பஸ் ஏறினாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு பழைய நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்தது, கூடப் போனேன். என்ஜின் மூடிமேல் டப்பாக்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாக்கா, பஸ்ல சமையலா?" என்றார் கண்டக்டர்.

"ஆமா, வெந்துச்சான்னு பாக்கேன். நீங்க டிக்கெட்டக் குடுங்க."

மத்தூர் பஸ் ஸ்டாண்டில் சரிதா காத்திருந்தாள். மணிக்கட்டில் பைக் செயின் கிரீஸைப் பூசிக்கொண்டு வந்திருந்தாள். ஏழு எண்ணெயாகிவிட்டது. பத்து கஞ்சி. பதிமூன்று தளர்ந்திருந்தாலும் ஒழுகவில்லை. பதினாறு அசையவே இல்லை. ஆனால் தேய்த்ததும் சரிதா கையை உதறினாள்.

"மெழுகுவத்திய தேய்க்கறாப்பல கீதுக்கா. தண்ணி ஊத்தினா உருண்டு ஓடுது."

பதிமூன்றில் கிரீஸ் போனது. மேலே ஒரு வழுவழுப்பு மட்டும் தங்கியது. மெழுகு கூடினால் கழுவுவது கஷ்டம். படுக்கைப் புண்ணுக்குப் போடுகிற கெட்டிக் களிம்புகளிலும் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன்.

"அப்ப அந்தத் தெரவத்தையும் கூட்டணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் பவளம்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். மெழுகு பதிமூன்று, திரவம் முன்பு போட்டதைவிட ஒன்றரை மடங்கு. இந்த முறை ஆறும்வரை கரண்டியை எடுக்காமல் கிண்டினாள். சும்மா ஆறவிட்டால் மணல் மாதிரி கட்டி தட்டும், அதையும் இரண்டு முறை பார்த்துவிட்டாள். என் முழங்கையில் தேய்த்துக் கழுவினேன். பாலாக வெளுத்தது, வழுவழுப்பு போய்விட்டது. ஆனால் ஓசூர்க் குளிரில் இது டப்பாவிலிருந்து நகத்தால் சுரண்டும்படி இறுகும். அதனால் ஓசூரிலேயே இருப்பவர்களுக்கு ஏழு போட்டுத் தனியாகச் செய்தாள். பஸ்ஸில் போகிறவர்களின் மூடியில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள்.

மறுநாள் காலை ஹரீஷ்குமார் சிவப்புப் பொட்டு டப்பா ஒன்றை வாங்கி, கழித்துப் போட்ட மட்கார்டு ஒன்றின் மேல் கவிழ்த்து, பெயின்ட் காய்கிற அடுப்பின் வாசலில் வைத்தார். டீ நேரத்தில் எடுத்தார். மட்கார்டை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இல்லை.

"சரி, கொண்டாங்க. எனக்கும் ஒண்ணு வேணும்."

"சாருக்கு எந்த பஸ்?" என்று கேட்டாள் சரிதா.

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்திருந்த தின்னர் பாட்டிலை எடுத்துப்போய், பெயின்ட் அறையில் இருந்த கேனில் திரும்ப ஊற்றிவிட்டு வந்தாள்.